டேஷ்போர்டில் ஜி மீட்டர்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் பழைய கூட்டரசு சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் பட்டறை. லைட்டர் துளையில் சொருகும் பழைய ஜி மீட்டர் ஒன்று பல வருடமாக என்னிடம் உண்டு. இப்போது அதே வேலையைச் செய்யும் செயலி எல்லாப் பையன்களின் கைப்பேசியிலும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் எண்ணோடு வந்து நிற்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள். பதில் சொல்லி முடிப்பதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணே, ஜி மீட்டர் என்றால் என்ன? வேகத்தையா அளக்கிறது?

வேகம் கூடுகிற, குறைகிற விகிதத்தை அளக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு முடுக்கம் என்று பெயர், கருவிக்கு முடுக்கமானி. பட்டறையில் ஜி மீட்டர்.

உங்கள் காடியில் முன் கண்ணாடியில் வேல் தொங்குகிறதா? அப்படியானால் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) மிதித்ததும் வேல் பின்பக்கம் சாய்கிறதே, அந்தச் சாய்வுதான் கணக்கு. 10 டிகிரி சாய்ந்தால் கிட்டத்தட்ட 0.18 ஜி. பதினைந்தரை டிகிரி சாய்ந்தால் 0.28 ஜி. அதே இழுவை கடைசி வரை நின்றால் காடி 10 நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். 1 ஜி என்பது பழம் மரத்திலிருந்து விழுகிற முடுக்கம். ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 35 கிலோமீட்டர் கூடும். நம் ஊர்க் காடிகள் முதல் கியரில் 0.4 ஜியை எட்டினாலே கெட்டிக்காரத்தனம்.

இங்கிலாந்தில் பிரேக் சோதிக்க டாப்ளி மீட்டர் என்று ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது இப்படி ஆடும் ஊசல்தான், கண்டபடி ஆடாதபடி அடக்கி வைத்திருப்பார்கள். கைப்பேசிக்குள் இருப்பதும் அந்த வேலின் பேரப்பிள்ளைதான். சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன எடை. அது எவ்வளவு நகர்ந்தது என்பதை மின்சாரத்தால் அளக்கிறார்கள். இந்த வகைச் சில்லு 1990களில் காடிக்குள் நுழைந்தது ஏர்பேக்குக்காக.

தனி மீட்டர் வாங்க வேண்டுமா, கைப்பேசி போதுமா?

போதும். பணத்தை டயருக்குச் செலவு செய்யுங்கள்.

வாங்கிய புதிதில் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். கைப்பேசியை மேசை மேல் ஒரு விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள், பிறகு தலைகீழாக வையுங்கள். ஒரு பக்கம் +1.00, மறுபக்கம் −1.00 காட்ட வேண்டும். +1.02, −0.98 என்று வந்தால் சுழியம் 0.02 தள்ளி நிற்கிறது என்று பொருள். அது பெரிய குற்றமில்லை, ஓட்டுவதற்கு முன் சுழியம் வைத்தால், அதாவது காடி நிற்கும்போது காட்டும் எண்ணையே 0 என்று அமைத்தால், சரியாகிவிடும்.

எங்கே ஒட்டுவது?

அசையாத இடத்தில். நீளக் கழுத்து உள்ள பிடிப்பானில் மாட்டினால் எஞ்சின் நடுக்கத்துக்குக் கைப்பேசியும் தலையாட்டும். கஞ்சிலின் மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஆடுவது ஊருக்கே தெரியும். மீட்டர் அந்த ஆட்டத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்.

டேஷ்போர்டின் தட்டையான பகுதியை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, டபுள் டேப் போட்டு அழுத்தி ஒட்டுங்கள். ஒரு விளிம்பு காடியின் நீளத்துக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. 5 டிகிரி திரும்பி இருந்தாலும் அரை விழுக்காடுகூடக் குறையாது. முன்பக்கம் தூக்கிக்கொண்டோ இறங்கியோ இருந்தால்தான் வினை. அதைக் கீழே சொல்கிறேன்.

பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டவே கூடாது. ஏர்பேக் வெடித்தால் கைப்பேசி முகத்துக்குத்தான் வரும்.

இன்னொன்று வெயில். நண்பகலில் மூடிய காடியின் டேஷ்போர்டு தோசைக்கல். சில்லு சூடாக ஆக அதன் சுழியம் மெல்ல நகரும், அதிகம் சூடானால் கைப்பேசியே அணைந்துவிடும். காலை ஏழு மணிக்கு ஓட்டுங்கள். ரோடும் காலி, எஞ்சினுக்கும் குளிர்ந்த காற்று.

சுழியம், சுழியம் என்கிறீர்களே, அதில் அப்படி என்ன?

எல்லாமே அதில்தான். மீட்டர் முடுக்கத்தை மட்டும் அளக்கிறது. வேகம் வேண்டுமென்றால் நொடிக்கு நூறு முறை அளந்ததை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டும்போது பிழையும் கூடவே கூடும். சுழியம் 0.01 ஜி தள்ளி இருந்தால் 10 நொடியில் வேகக் கணக்கில் 3.5 கிலோமீட்டர் பிழை, தூரத்தில் 5 மீட்டர் பிழை. 100ஐ நெருங்கும்போது காடி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும், அங்கே 3.5 கிலோமீட்டர் என்பது அரை நொடிக்கு மேல்.

0.01 ஜி என்பது எவ்வளவு? நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு. கண்ணுக்கு அது சமதளமாகத்தான் தெரியும்.

ஏற்றம் என்றால் மீட்டர் குழம்பிவிடும் என்று சொல்வார்கள். அது குழம்புவதில்லை, நாம்தான் குழம்புகிறோம். எஞ்சின் முதுகைத் தள்ளுவதும் புவி இழுப்பதும் மீட்டருக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏற்றத்தில் சும்மா நிற்கும்போதே சீட்டு உங்கள் முதுகில் கொஞ்சம் அழுத்துகிறதே, அதே கதை. ஆகவே உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வேகம், நொடிக் கணக்கு வேண்டுமா? ஓடப்போகும் அதே ரோட்டில், அதே சரிவில், காடி புறப்படும் இடத்திலேயே சுழியம் வையுங்கள். வழி நெடுக சரிவு மாறாமல் இருந்தால் கணக்கு சரியாக வரும். நடுவில் மேடு வந்தால் போச்சு.

சக்கரத்தில் எவ்வளவு தள்ளுவிசை வருகிறது என்று தெரிய வேண்டுமா? அதற்கு உண்மையான சமதளத்தில் சுழியம் வையுங்கள். அதன் பிறகு ஏற்றத்தில் ஓட்டினாலும் இறக்கத்தில் ஓட்டினாலும் மீட்டர் தள்ளுவிசையைச் சரியாகத்தான் சொல்லும். மலையைக் கணக்கிலிருந்து அதுவே கழித்துவிடும். வேகக் கணக்குதான் தப்பாகும்.

சமதளத்துக்கு எங்கே போவது? தேட வேண்டாம். பட்டறை வாசலில் காடியை நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காடியை அதே இடத்தில் முழுசாகத் திருப்பி நிறுத்தி மறுபடியும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் உண்மையான சுழியம். எங்கள் வாசல் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கிறது, அதிலேயே இதைச் செய்கிறோம்.

எண்ணெயை மிதித்ததும் காடி மூக்கைத் தூக்குகிறதே, அது கணக்கில் வருமா?

வரும், அதுவும் உங்களுக்குப் பிடித்த பக்கமாக. மூக்கு 1 டிகிரி தூக்கினால் மீட்டர் 0.017 ஜி கூடுதலாகக் காட்டும். 0.28 ஜியில் ஓடும் காடிக்கு அது 6 விழுக்காடு லஞ்சம். பின் ஸ்பிரிங் தளர்ந்த பழைய வீரா காடி இன்னும் அதிகமாகத் தூக்கும். காடி எவ்வளவு ஆடி அசைகிறதோ அவ்வளவு நல்ல எண் என்று ஆகிவிடும்! நல்ல செயலிகளில் இதற்கு ஒரு திருத்தம் இருக்கும். அது இல்லாவிட்டால், உங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் காடியின் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள், இரண்டிலும் மூக்கு ஒரே அளவுதான் தூக்கியிருக்கும்.

லைட்டர் துளையில் சொருகினால் பவர் கூடும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே, அண்ணே?

நானே ஏமாந்த கதை இது. இரவுச் சந்தையில் 89 வெள்ளி கொடுத்து வாங்கினேன், நீல விளக்கு எரியும். ஞாயிறு காலை, டப்பா இல்லாமல் என் மைவியில் 0 முதல் 80 வரை மூன்று ஓட்டம்: 8 நொடி, அதைச் சுற்றியே. டப்பாவைச் சொருகிவிட்டு மூன்று ஓட்டம்: ஏழரை. அரை நொடி! பட்டறைப் பையன் கைதட்டினான். எனக்கும் வாயெல்லாம் பல்.

சாயங்காலம் காடியைக் கழுவும்போது பார்த்தேன். டபுள் டேப்பின் பின்முனை உரிந்து, கைப்பேசியின் பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. காலையில் ஒரே ஒரு முறைதான் சுழியம் வைத்திருந்தேன். நடுவில் திரும்பி வரும்போது ஒரு வேகத்தடையில் டங்கென்று இறங்கியது நினைவுக்கு வந்தது. கணக்குப் போட்டால் 1 டிகிரிச் சாய்வுக்கு அதே அரை நொடி வருகிறது. 89 வெள்ளி டப்பா செய்த வேலையை 20 காசு டேப் செய்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு வேறு முறையில் ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் புதிதாகச் சுழியம். டப்பாவோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, மறுபடியும் டப்பாவோடு என்று மாற்றி மாற்றி. ஒவ்வொன்றையும் போக, வர இரண்டு திசையிலும். மொத்தம் பன்னிரண்டு ஓட்டம். டப்பா இருக்கிற ஓட்டம் எது, இல்லாதது எது என்று எண்களைப் பார்த்துப் பிரிக்கவே முடியவில்லை. டப்பா இப்போது என் மகன் மேசையில் இரவு விளக்கு.

ஒரு ஓட்டத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அடுத்தடுத்த ஓட்டங்களே தங்களுக்குள் 0.3 நொடி மாறுகிறதென்றால், 0.2 நொடி முன்னேற்றம் என்று சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை.

குதிரைத்திறன் எவ்வளவு என்று மீட்டர் காட்டுகிறதே, நம்பலாமா?

எடையைச் சரியாகக் கொடுத்தால் ஓரளவு நம்பலாம். கணக்கு எளிது: எடை, முடுக்கம், வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். ஆளோடு 1,100 கிலோ உள்ள காடி, 60 கிலோமீட்டர் வேகத்தில், 0.25 ஜியில் ஏறிக்கொண்டிருந்தால் சுமார் 45 கிலோவாட். அதாவது 60 குதிரை. அந்த நேரத்தில் காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் இன்னும் 4 கிலோவாட் போலச் செலவாகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தையும் எஞ்சினோடு சுழலும் கனமான ஃபிளைவீலையும் சுழற்றிவிடப் போகிற பங்கு வேறு, முதல் கியரில் அது நிறைய. அதனால் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் அளப்பது நல்லது.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் குதிரை எஞ்சின் வாயிலில் அளந்தது. சக்கரத்துக்கு வந்து சேர்வதற்குள் கையால் கியர் போடும் காடியில் 10 முதல் 15 விழுக்காடு வழியிலேயே கரைந்துவிடும், ஆட்டோவில் இன்னும் கூட. "தொண்ணூறு என்று சொல்லித்தானே விற்றான், மீட்டர் எழுபத்தாறு காட்டுகிறதே" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

எடைக்கு ஒரு வழி இருக்கிறது. செம்பனை ஆலையில் குலை லோரிகளை நிறுக்கும் எடைமேடை தெரியுமில்லையா? லோரி வராத நேரமாகப் பார்த்து, அங்குள்ள கிராணியிடம் மரியாதையாகக் கேட்டால் காடியை ஏற்றிப் பார்க்க விடுவார். நான் கேட்டபோது, "குலை எங்கே?" என்றார் சிரிக்காமல். முழுத் தொட்டி பெட்ரோலே 25 கிலோவுக்கு மேல் வரும், பின்னால் கிடக்கும் உரமூட்டை தனி. எடை 5 விழுக்காடு தப்பினால் குதிரையும் 5 விழுக்காடு தப்பும்.

பத்திரிகையில் போட்டிருக்கும் நொடி எனக்கு வருவதே இல்லையே?

இரண்டு காரணம் எப்போதும் இருக்கும். அமெரிக்கப் பத்திரிகைகள் பல, காடி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்கும். டிராக் பந்தயத்திலிருந்து வந்த பழக்கம். 0.4 ஜியில் புறப்படும் காடிக்கு அந்த ஒரு அடியே 0.4 நொடி.

அடுத்தது நம் வெக்கை. 33 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 6 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு குறைந்துதான் ஓடும். இதில் ஏர்கோனையும் போட்டுக்கொண்டு ஓட்டினால் யாரைக் குற்றம் சொல்வது?

இதற்கு நேர்மாறாக ஒன்றும் உண்டு: வேகமானியைப் பார்த்து அளந்திருப்பீர்கள். ஐ.நா.வின் 39ஆம் விதிப்படி வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக 10 விழுக்காடும் 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். அதனால் முள் 100ஐத் தொடும்போது காடி 94லோ 95லோ இருக்கலாம். இங்கே பிழை உங்களுக்குச் சாதகம், உண்மையான நொடி இன்னும் கூடுதல்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு?

வேகத்துக்கு ஜிபிஎஸ்தான் நல்லது, மறுக்கவில்லை. பிழை சேர்ந்துகொண்டே போகாது, மூக்கு தூக்கினாலும் கவலையில்லை. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் அது நொடிக்கு ஒரு முறைதான் எண் தரும். கிளட்சை விட்ட முதல் அரை நொடியில் நடந்ததெல்லாம் அதற்குத் தெரியாது. நொடிக்கு 10 முறை அளக்கும் தனிப் பெட்டிகள் உண்டு, விலையும் உண்டு. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் மெனோரா சுரங்கத்துக்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் கண்ணை மூடிக்கொள்ளும், ஜி மீட்டர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். நான் இரண்டையும் ஓடவிட்டு ஒன்றை ஒன்றால் சரிபார்க்கிறேன்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது? லிந்தாங் சாலையில்?

வேண்டாம் தம்பி. அந்த வளைவில் குலை லோரி எதிரே வரும். குலை ஒன்று ரோட்டில் உருண்டு கிடக்கும். மோட்டார் சைக்கிளில் பால் மரத்துக்குப் போகிறவர் விளக்கில்லாமல் வருவார். அனுமதியில்லாமல் பந்தயம் ஓடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். "பந்தயமில்லை சார், அறிவியல்" என்று போலீஸிடம் சொல்லிப் பாருங்கள், சம்மனோடு சேர்த்துச் சிரிப்பும் கிடைக்கும்.

100 வரை போக வேண்டிய அவசியமே இல்லை. கூட்டரசு சாலையின் 90 வரம்புக்குள், மூன்றாம் கியரில் 40லிருந்து 80 வரை மிதித்தால் போதும். கிளட்ச் விடும் சாமர்த்தியம், டயர் சுழல்வது எதுவும் இதில் கலக்காது; எஞ்சின் மட்டும் பேசும். முன்னும் பின்னும் காடி இல்லாத நேரமாக இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். தோட்டத்துச் செம்மண் சாலை தனியார் இடம். நிர்வாகத்தைக் கேட்காமல் நுழையக் கூடாது, நுழைந்தாலும் சரளையில் டயர் வழுக்கி எண் வீண்.

தம்பி, எனக்கு வயது அறுபது. ஓட்டப் பந்தயமெல்லாம் வேண்டாம். எனக்கு இது எதற்காவது உதவுமா?

ஐயா, உண்மையில் உங்களுக்குத்தான் அதிகம் உதவும். பிரேக்கைப் பாருங்கள். காய்ந்த ரோட்டில், பின்னால் யாரும் இல்லாதபோது, 60லிருந்து அழுத்தி நிறுத்துங்கள். நல்ல காடி 0.7 ஜிக்கு மேல் சுலபமாகக் காட்டும். அந்த அளவில் 20 மீட்டரில் நிற்கும். 0.5 ஜி என்றால் 28 மீட்டர். நடுவில் இருக்கும் 8 மீட்டர் இரண்டு மைவி நீளம். கால் அழுத்தத்துக்கு அது தெரியாது, ஏனென்றால் பிரேக் ஒரே நாளில் கெடுவதில்லை. கால் அதற்குப் பழகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, ரோட் டெக்ஸ் கட்டும் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். நிறுத்தும்போது மூக்கு குத்துவதால் இங்கேயும் எண் கொஞ்சம் கூடித்தான் தெரியும், ஞாபகமிருக்கட்டும்.

பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதையும் பிடிக்கலாம். போன மாதம் ஒரு சாகா வந்தது: பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள் என்றார் சொந்தக்காரர். 60ல் கியரை எடுத்துவிட்டு உருளவிட்டோம். இந்த எடைக் காடி 40க்கு இறங்க அரை நிமிடம் போல ஆக வேண்டும். இது பதினைந்து நொடியில் இறங்கியது. திரும்பும் திசையிலும் அப்படியே, ஆகவே சரிவு காரணமில்லை. ஜாக் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. டிரம்மைத் தொட்டதும் பையன் கையை உதறினான். கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எஞ்சினைத் திறக்கவே இல்லை. சொல்லப்போனால் இதற்கு ஜி மீட்டர்கூட வேண்டாம், கைக்கடிகாரம் போதும்.

கிளட்ச் வழுக்குவது மீட்டரில் தெரியுமா?

தெரியும். நான்காம் கியரில், குறைந்த வேகத்தில் முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஜி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

உங்கள் மீட்டரை இரண்டு நாளைக்கு இரவல் தருவீர்களா, அண்ணே?

தருகிறேன். டபுள் டேப் மட்டும் நீங்களே நல்லதாக வாங்கி வாருங்கள்.